அத்தானின் முதுகு

எனக்குக் கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. பெருமைக்குச் சொல்லல. தூத்துக்குடியில என்னைத் தெரிஞ்ச யாரைக் கேட்டாலும் முதல்ல இதைத்தான் சொல்லுவாங்க. அதுக்கப்புறம்தான், நான் சூட்டிங்குக்கு வள்ளம் பிடிச்சுக் குடுக்கிறவன்னு சொல்லுவாங்க. கடல்ல எடுக்கிற காட்சின்னா சென்னையில இருந்து வர்றவங்க என்னையத்தான் கூப்பிடுவாங்க. வள்ளம், என்ஜின், கயிறு, டீசல், கேமராவுக்குப் பின்னால கடல்காக்கா பறக்கணும்னா அதுக்கு வீசுற சாளை மீன் வரைக்கும் என் பொறுப்பு.

அப்படித்தான் அந்தப் போலீஸ் தொடர் வந்துச்சு. துறைமுக ஊர்ல ஒரு பொம்பள இன்ஸ்பெக்டர், வாரத்துக்கு ஒரு கொலை. அந்த யூனிட்டுல ரத்தத்தைக் குடத்துல கலக்கி வச்சிருப்பாங்க. டீ குடிக்கப் போறவன் அதைத் தாண்டித்தான் போகணும். கழுத்தை அறுக்கிறது, மண்டையை உடைக்கிறது, சாக்குல கட்டிப் போடுறதுன்னு ஒரு நாள் விடாம நடக்கும். சாயங்காலம் செத்தவங்களும் கொன்னவங்களும் ஒரே வேன்ல ஏறிப் போவாங்க.

அந்த வருசம் சேனல்காரங்க மகாசங்கமம் போட்டாங்க. சீரியல் பாக்காதவங்களுக்காகச் சொல்லுறேன். ரெண்டு தொடரை ஒரு வாரத்துக்கு ஒண்ணாச் சேத்து முடிச்சுப் போடுறதுதான் மகாசங்கமம். இந்த வீட்டு ஆளு அந்த வீட்டுக்குள்ள விருந்தாளியா நுழைவான். ஏழு மணிக்கு வர்ற குடும்பத் தொடர்ல ஒரு மூத்த மருமகன் இருந்தாரு. ஊர்ப் பொம்பளைகளுக்கெல்லாம் அவரு மேல அப்படி ஒரு பிரியம். அவரு ஒரு கொலையைப் பாத்துட்டு பயந்து எங்க ஊருக்கு ஓடி வரணும். ஏழரை மணிப் போலீஸ் தொடர்ல கடத்தல்காரங்க கையில மாட்டி, நடுக்கடல்ல குத்துப்பட்டுச் சாகணும். கதை அம்புட்டுதான்.

மருமகனா நடிக்கிறவருக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் தண்ணியிலேயே ரெண்டு பேர் பிடிச்சுக்கணும். அதனால பொணமா மிதக்க வேற ஆளு வேணும்னாங்க. மூச்சை அடக்கிக்கிட்டு குப்புறக் கெடக்கணும், ஒரு குமிழிகூட மேல வரக்கூடாது. நான் யோசிக்கவே இல்ல. எங்க அத்தானைச் சொன்னேன். அத்தான்னா எங்க அக்கா வீட்டுக்காரரு. சங்குகுளிக்கிற ஆளு, கடலுக்கு அடியில முங்கிச் சங்கு எடுக்கிறவரு. தண்ணிக்கு அடியில அவரு மூச்சைப் பிடிச்சா, மேல நிக்கிறவனுக்குத்தான் மூச்சு முட்டும்.

அத்தானுக்கு முதுகுல ஒரு தழும்பு உண்டு. இடது தோள்பட்டையில தொடங்கி வலது இடுப்பு வரைக்கும், ஒரு சாண் கயித்தை ஒட்டி வச்ச மாதிரி இல்ல, ஒரு முழக் கயித்தை ஒட்டி வச்ச மாதிரி. கடல்ல விழுந்தப்போ என்ஜின் விசிறி வெட்டிருச்சுன்னு ஊரே சொல்லும். என் அக்கா மகளும் அப்படித்தான் நம்பிக்கிட்டு இருந்தா. சின்னப் பிள்ளையில அந்தத் தழும்பு மேல விரலை ஓட்டிக்கிட்டே, "எங்கப்பாவை கடல் வெட்டுச்சு தெரியுமா"ன்னு தெருப் பிள்ளைககிட்டப் பெருமையாச் சொல்லுவா.

கடல் வெட்டல. நான்தான் வெட்டினேன்.

அது இந்தச் சூட்டிங்குக்குப் பதினோரு வருசம் முன்னால. அப்போ நானும் அத்தான் வள்ளத்துலதான் போய்க்கிட்டு இருந்தேன். அவரு அடியில சங்கு பொறுக்குவாரு. நான் மேல இருந்து கம்ப்ரசரைப் பாத்துக்கணும். மோட்டார் ஓடினாத்தான் டியூப்ல காத்து போகும், காத்து போனாத்தான் அவருக்கு மூச்சு. டேங்குல டீசல் இருக்கான்னு பாக்கிறது ஒண்ணுதான் என் வேலை. அன்னைக்கு நான் பாக்கல. எவனோ என்னைப் பத்தி என்னமோ சொன்னான்னு போன்ல அவனைக் கிழிகிழின்னு கிழிச்சுக்கிட்டு இருந்தேன். மோட்டார் நின்னது என் காதுல விழல. கத்திக்கிட்டு இருக்கிறவனுக்கு என்ன கேக்கும்?

அத்தான் அடியில இருந்து பாஞ்சு மேல வந்தாரு. மூக்குல ரத்தம். வள்ளத்து விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு இருமுனாரு, இருமுனாரு, குடலே வெளிய வந்துரும் போல இருமுனாரு. கரைக்கு வந்து சங்கை இறக்கினோம். மீன் வாங்க வந்த பொம்பளைகளும் வலை பாக்கிறவங்களும் அங்கன நிறைய பேர் இருந்தாங்க. எல்லார் முன்னாலயும் என் கன்னத்துல ஒண்ணு விட்டாரு.

"ஏலே, நான் செத்திருந்தா உங்க அக்காவுக்கு நீ என்னல பதில் சொல்லுவே?"

கேட்டது நியாயம். இன்னைக்கு நூறு தடவை சொல்லுவேன், நியாயம்னு. ஆனா அடி விழுந்தப்போ எவளோ ஒருத்தி சிரிச்சா. எனக்கு அந்தச் சிரிப்பு மட்டும்தான் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு வள்ளத்தை நங்கூரம் போட நாங்க ரெண்டு பேர் மட்டும் கொண்டு போனோம். அவரு அதுக்குள்ள எல்லாத்தையும் மறந்துட்டாரு. சாயங்காலம் வீட்டுக்குச் சாப்பிட வான்னு சொல்லிக்கிட்டே நங்கூரத்தை இறக்கக் குனிஞ்சாரு. மீன் கண்டம் போடுற கத்தி பலகையில கெடந்துச்சு. எனக்கு இடது கைப் பழக்கம்.

ஈரச் சாக்கைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். முதல்ல வெள்ளையாத்தான் கோடு தெரிஞ்சுது. அப்புறம்தான் ரத்தம் வந்துச்சு. அத்தான் கத்தவே இல்ல. என்ன நடந்துச்சுன்னு பாக்கத் தலையைத் திருப்பினவரு, என்னையும் கத்தியையும் பாத்துக்கிட்டே தண்ணியில விழுந்தாரு. அவரைச் சுத்தித் தண்ணி செவந்துச்சு. அப்பத்தான் எனக்குக் கண்ணு தெரிஞ்சுது. கத்தியைக் கடல்ல விட்டெறிஞ்சுட்டு குதிச்சேன். அவரை இழுத்துக்கிட்டு நீந்தும்போது என் வாய்க்குள்ள போனது முழுக்க உப்பும் ரத்தமும்தான்.

கரையில ஓடி வந்தவங்ககிட்ட, மணல்ல குப்புறக் கெடந்துக்கிட்டே அவரு சொன்னாரு. "விசிறி. விசிறி வெட்டிருச்சு."

ஆஸ்பத்திரியிலயும் அதையேதான் சொன்னாரு. தையல் போட்ட டாக்டர் என்னை ஒரு பார்வை பாத்தாரு. வராந்தாவுல நின்ன எங்க அக்கா என் சட்டையைப் பாத்தா, என் கையைப் பாத்தா. "நீதானா?"ன்னு ஒரே ஒரு கேள்விதான். நான் ஆமான்னு தலையை ஆட்டினேன். அவ என்னை அடிச்சிருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம். ஒண்ணும் செய்யல. அன்னையில இருந்து அவ கையால எனக்கு ஒரு வாய் சோறு போட்டதில்ல. நான் வீட்டுக்குப் போனா வாங்கன்னு சொல்லுவா, பாய் போடுவா. சோறு மட்டும் மகள் கையில குடுத்து விடுவா. பிள்ளைக்கு அது ஏன்னு தெரியாது. மாமாவுக்கு நான் போட்டாத்தான் பிடிக்கும்னு நினைச்சுக்கிட்டு இருந்தா. அந்த நினைப்பு ஒண்ணுதான் எனக்கு மிச்சம் இருந்த சொத்து.

சூட்டிங்குக்கு வாரேன்.

ஊருக்கு எதிர்த்தாப்புல இருக்கிற தீவுக்கு இந்தப் பக்கம் மூணு வள்ளம் போட்டோம். ஒண்ணுல கேமரா, ஒண்ணுல கடத்தல்காரங்களும் மருமகனும், ஒண்ணுல நான், அத்தான், மேக்கப்காரப் பொண்ணு, உதவி டைரக்டர் தம்பி. ரப்பர் துடுப்பால மருமகனை அடி அடின்னு அடிச்சாங்க. கயித்தால கழுத்தை இறுக்கினாங்க. கடிச்சா உடையிற ரத்தப் பை ஒண்ணு வாயில இருந்துச்சு, அது உடைஞ்சு வெள்ளைப் பல்லெல்லாம் செவப்பாச்சு. நான் இதுக்கெல்லாம் பழகினவன். ஆனா அத்தான் பக்கத்துல உக்காந்து அதைப் பாக்கப் பிடிக்கல. கடைசியில கத்தி எடுக்கிறவன் மருமகனுக்குப் பின்னால போய் நின்னான். சண்டை மாஸ்டர் கத்தினாரு.

"யோவ், முன்னால வாய்யா! பின்னால இருந்து குத்துறது கேவலமா இருக்கும். வில்லனுக்கும் ஒரு மருவாதி வேணும்ல?"

அத்தான் அந்தப் பக்கமா கடலைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. எனக்கு மூஞ்சியை எங்கன வச்சுக்கிறதுன்னு தெரியல.

அப்புறம் மருமகனோட கட்டம் போட்ட சட்டையை அத்தானுக்குப் போட்டுவிட்டு, ரத்தம் தடவி, கடல்ல இறங்கச் சொன்னாங்க. தழும்பு சட்டைக்குள்ள மறைஞ்சுரும்னு மேக்கப்காரப் பொண்ணு அதைக் கண்டுக்கல. அங்கதான் தப்பு நடந்துச்சு. அந்தத் தப்பை எங்க ஊர் சங்குகுளிகாரன் தவிர வேற எவனும் செய்ய மாட்டான். சட்டை போட்டுக்கிட்டு முங்குனா அதுக்குள்ள காத்து பிடிச்சு உடம்பு நிலையா நிக்காது, கை காலைச் சுத்தும். எந்தக் குளிகாரனும் சட்டையோட இறங்க மாட்டான். அத்தானும் முப்பது வருசப் பழக்கத்துல, தண்ணிக்கு அடியில போனதும் தன்னை அறியாமச் சட்டையைக் கழத்தி விட்டுட்டாரு. மேல வந்தது வெறும் முதுகு. குப்புற, கை ரெண்டும் விரிஞ்சு, அசைவே இல்லாம மிதந்துச்சு. வெயில்ல அந்தத் தழும்பு பளபளன்னு மின்னுது.

"ஐயோ, சட்டை!"ன்னு மேக்கப்காரப் பொண்ணு தலையில அடிச்சுக்கிட்டா. டைரக்டர் காதுலயே வாங்கல. "சூப்பர்! அப்படியே இருங்க! சட்டை இல்லாமத்தான் பொணம் மாதிரி இருக்கு! யாரு பாக்கப் போறா, நாலு செகண்ட்"ன்னாரு.

எனக்கு அது நாலு செகண்டா இல்ல. பதினோரு வருசத்துக்கு முன்னால நான் பாத்த அதே முதுகு, அதே தண்ணி. "போதும், எந்திரிங்க அத்தான்! எந்திரிங்க!"ன்னு கத்திட்டேன். டேக் கெட்டுப் போச்சுன்னு டைரக்டர் வாய்க்கு வந்தபடி என்னை ஏசினாரு. நானும் பதிலுக்கு ஏசினேன். சட்டை இல்லாமலே திரும்ப எடுத்தாங்க.

யூனிட்டுல ஒரு வழக்கம் உண்டு. செத்துப்போற மாதிரி நடிச்சவங்களை, அந்த ஷாட் முடிஞ்சதும் எழுப்பி, கேமராவைப் பாத்துச் சிரிக்க வைப்பாங்க. அதையும் ஒரு ஷாட்டா எடுப்பாங்க. அப்புறம் பூசணிக்காய் உடைப்பாங்க. நிஜமான சாவு அண்டக்கூடாதுன்னு அப்படி. மருமகனைச் சிரிக்க வச்சாங்க. அவரும் செவப்புப் பல்லோட அழகாச் சிரிச்சாரு. உடனே கேமராவை மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ கோபம்.

"தண்ணியில பொணமாக் கெடந்தது யாரு? இவருதானே? இவரைச் சிரிக்க வைக்காம கேமராவை எவன் மூடுறான்னு பாக்கேன்!"

டூப்புக்கெல்லாம் அது வழக்கம் இல்லன்னு சொன்ன ஒருத்தனைச் சட்டையைப் பிடிச்சுத் தூக்கிட்டேன். கடைசியில அந்த உதவி டைரக்டர் தம்பிதான் கேமராவைத் திரும்பப் போடச் சொன்னான். அத்தான் தலையைத் துவட்டிக்கிட்டே வந்து நின்னு, கேமராவைப் பாக்காம என்னைப் பாத்துச் சிரிச்சாரு. "கோட்டிக்காரப் பயலே"ன்னாரு. போகும்போது அந்தத் தம்பி தழும்பைப் பத்திக் கேட்டான். அத்தான் விசிறி வெட்டுன்னு சொன்னாரு. அவன் அதை நோட்டுல எழுதிக்கிட்டான். எழுதினதை நானும் பாத்தேன். பாத்து என்ன, புத்தி வேலை செய்யலையே.

மருமகன் செத்த எபிசோடு வந்ததும் ஊர் உலகத்துல ஒப்பாரிதான். சேனல்காரனைத் திட்டாத பொம்பள இல்ல. அதுல ஒரு மகராசி கண்டுபிடிச்சுட்டா. குடும்பத் தொடர்ல மருமகன் கோயில்ல அங்கப்பிரதட்சணம் பண்ணினப்போ முதுகு வழுவழுன்னு இருந்துச்சே, பொணத்து முதுகுல தழும்பு எப்படி வந்துச்சுன்னு ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டுட்டா. அது போன் போனாப் பறந்துச்சு. சேனல்காரனுக்கு லட்டு தின்ன மாதிரி. செத்தது மருமகனே இல்லன்னு கதையைத் திருப்பி, அடுத்த மகாசங்கமத்துல அவரைத் திரும்பக் கூட்டிக்கிட்டு வர முடிவு பண்ணிட்டாங்க. உதவி டைரக்டர் தம்பி எனக்குப் போன் போட்டான்.

"அண்ணாச்சி, உங்க அத்தான் முதுகாலதான் மருமகன் பொழைச்சாரு! வெள்ளிக்கிழமை பாருங்க, முதுகை க்ளோசப்ல வச்சிருக்கோம்."

நான் கிறுக்கன் மாதிரி சந்தோசப்பட்டுக்கிட்டு ஓடிப்போய் அக்கா மகள்கிட்டச் சொன்னேன். அவளுக்கு அப்போ கல்யாணம் நிச்சயமாயிருந்துச்சு. மாப்பிள்ளைக்கு ஊரு மணப்பாடு. மாதா கோயில்ல ரெண்டு கல்யாண ஓலை வாசிச்சாச்சு. இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிஞ்சவங்க சொல்லணும்னு மூணு ஞாயித்துக்கிழமை சாமியார் வாசிக்கணும், இன்னும் ஒண்ணு பாக்கி. எங்க குடும்பத்துல, பொண்ணு கோயிலுக்குக் கிளம்பும்போது தாய்மாமன்தான் மாலை போட்டுக் கையைப் பிடிச்சு வாசல் தாண்ட வைக்கணும். அதுக்கு நான் பட்டு வேட்டிகூட எடுத்து வச்சுட்டேன்.

வெள்ளிக்கிழமை அக்கா வீடு நிறைஞ்சு போச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க, சொந்தக்காரங்க, தரையெல்லாம் பிள்ளைக. எங்கப்பா முதுகு டிவியில வருதுன்னு தெரு பூராவும் சொல்லி வச்சிருந்தா அவ. அத்தானுக்கு வெக்கம், கதவோரமா நின்னாரு. அக்கா அடுப்படி வாசல்ல உக்காந்துக்கிட்டா. எனக்கு அக்கா மகள்தான் டீ கொண்டாந்து குடுத்தா. நான் இடது கையில வாங்கிக்கிட்டேன்.

எபிசோடு தொடங்கி அஞ்சு நிமிசத்துல மருமகன் ஒரு லாரி செட்டுக்குள்ள இருந்து தாடியோட வெளிய வந்தாரு. வீடே விசிலடிச்சுது. "உசுரோட இருக்காருடியோ!"ன்னு ஒரு பொம்பள எந்திரிச்சே நின்னுட்டா. அந்தச் சத்தத்துக்கு நடுவுல எங்க அக்கா மட்டும் சொன்னா: "அப்பம் அங்கன செத்துக் கெடந்தவன் யாருன்னு ஒருத்தரும் கேக்கல பாரு."

அடுத்த சீன் பிணவறை. இன்ஸ்பெக்டர் அம்மா ஒரு போட்டோவை விளக்கு வெளிச்சத்துல பிடிச்சாங்க. டிவி முழுக்க அத்தான் முதுகு. பிள்ளைக கை தட்டினாங்க. "எங்கப்பா! எங்கப்பா!"ன்னு அவ குதிச்சா. டிவியில ஒரு ஏட்டு சொன்னாரு, "மீனவனா இருப்பான் மேடம், இது என்ஜின் விசிறி வெட்டு."

"ஆமாமா, கரெக்ட்டு"ன்னா அக்கா மகள்.

இன்ஸ்பெக்டர் அம்மா இல்லன்னு தலையை ஆட்டினாங்க. "விசிறி வெட்டினா பக்கத்துல பக்கத்துல மூணு நாலு வெட்டு விழும். இது ஒரே வெட்டு. கத்தி."

நோட்டுல எழுதினானே, அந்தத் தம்பி முதுகுப் படத்தை யாரோ ஒரு டாக்டர்கிட்டக் காட்டிக் கேட்டிருக்கான். ரிமோட் எங்கனு தேடினேன், ஒரு பொடியன் அது மேல உக்காந்திருந்தான். இன்ஸ்பெக்டர் அம்மா விடல. "ஆழம் தோள்ல அதிகம், இடுப்புல கம்மி. இவன் குனிஞ்சிருக்கும்போது பின்னால இருந்து வெட்டியிருக்கான். முகத்தைப் பாத்து வெட்டத் துணிச்சல் இல்லாதவன்."

"பொய் சொல்லுதானுக"ன்னு அவ சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அப்பாவைத் திரும்பிப் பாத்தா. அத்தான் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அவ சிரிப்பு பாதியில நின்னுச்சு.

"டிவிக்காரனுக்கு என்னல தெரியும்!" அப்படின்னு கத்தினது நான்தான். கையில இருந்த டீ கிளாஸ் பறந்துச்சு. நான் எறியணும்னு நினைக்கல, கை எறிஞ்சுருச்சு. டிவி நடுவுல பட்டு, கண்ணாடி தெறிச்சு, பிள்ளைக அலறிக்கிட்டு ஓடுனாங்க. படம் போயிருச்சு. கறுப்பா நிக்குது டிவி. ஆனா சத்தம் மட்டும் போகல.

"வெட்டினவன் இடது கைக்காரன்"ன்னு இன்ஸ்பெக்டர் அம்மா சொன்னாங்க.

அக்கா மகள் என் கையைப் பாத்தா. இன்னும் நீட்டினபடியே நின்ன இடது கை. அதுல இருந்து டீ சொட்டிக்கிட்டு இருந்துச்சு.

வந்தவங்க ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போனாங்க. யாரும் யார்கிட்டயும் சொல்லிக்கல. கடைசியில நாங்க நாலு பேர்தான். அத்தான் குனிஞ்சு கண்ணாடிச் சில்லைப் பொறுக்கிக்கிட்டே, "விசிறிதாம்மா. இவனுக பொழுதுபோகாம எழுதுதானுக"ன்னாரு.

அடுப்படி வாசல்ல இருந்து அக்கா எந்திரிச்சு வந்தா. "போதும். பதினோரு வருசமா அவிய உனக்காகப் பொய் சொல்லிட்டாவ. இன்னைக்கு நீ வாயைத் திற."

திறந்தேன். டீசல் பாக்காதது, அவரு அடிச்சது, எவளோ சிரிச்சது, சாயங்காலம் சாப்பிட வான்னு அவரு சொன்னது, கத்தி, எல்லாத்தையும் சொன்னேன். ஒண்ணையும் குறைக்கல. அவ அழல, கத்தல. ரெண்டே ரெண்டு கேள்விதான் கேட்டா.

"அப்பா குனிஞ்சிருந்தாங்களா?"

"ஆமா."

"சாப்பிட வான்னு சொல்லிக்கிட்டு இருக்கும்போதா?"

"ஆமாம்மா."

உள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டா. நான் செருப்பைக்கூடப் போடாம வீட்டுக்கு நடந்தேன். அன்னைக்கு யாராவது எதிர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொன்னுருப்பேன். இல்லன்னா அவன் கையால செத்திருப்பேன். ரெண்டுல எதுவானாலும் சரின்னுதான் இருந்துச்சு.

மூணாவது ஓலை வாசிச்ச அன்னைக்கு நான் கோயிலுக்கு வெளியவே நின்னேன். தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னு சாமியார் வாசிச்சது மைக்குல கேட்டுச்சு. அவ முன் வரிசையில இருந்தா, திரும்பிப் பாக்கல. பட்டு வேட்டியைத் திருப்பிக் குடுத்துரலாம்னு கடைக்குக்கூடப் போயிட்டேன். குடுக்க மனசு வரல.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில அவகிட்ட இருந்து போன். "மாமா, ஏழு மணிக்கெல்லாம் வந்துருங்க. மாலை வந்துரும்." அம்புட்டுதான். வச்சுட்டா. நான் போனைக் காதுல வச்சுக்கிட்டே உக்காந்து, வெக்கம் இல்லாம அழுதேன்.

போனேன். மாலை போட்டேன். கையைப் பிடிச்சு வாசல் தாண்ட வச்சேன். அவ வலது கையை நீட்டினா, நானும் வலது கையாலதான் பிடிச்சேன். இடது கையை முதுகுக்குப் பின்னால மடக்கி வச்சுக்கிட்டேன்.

கோயில்ல எல்லாம் முடிஞ்சு, வாசல்ல குடும்பப் போட்டோ. பொண்ணு மாப்பிள்ளை நடுவுல நாற்காலியில, ரெண்டு பக்கமும் அம்மா அப்பாமார். உசரமானவங்க பின் வரிசைக்கு வாங்கன்னு போட்டோக்காரர் சொன்னாரு. நான் உசரமானவன். எப்பவும் போலப் பின்னால போய் நின்னேன். சரியா அத்தான் நாற்காலிக்குப் பின்னால. அவரு சட்டைக்குள்ள அந்தத் தழும்பு எங்கன தொடங்குதுன்னு எனக்குத் தெரியும், கண்ணு அங்கனதான் போச்சு.

அவ தலையைத் திருப்பாமலே சொன்னா. சத்தமாச் சொல்லல, ஆனா எல்லாருக்கும் கேட்டுச்சு.

"மாமா, எங்கப்பா முதுகுக்குப் பின்னால நிக்காதீங்க. முன்னால வாங்க."

நான் சுத்தி முன்னால வந்தேன். நிக்க இடம் இல்ல, பிள்ளைக எல்லாம் தரையில உக்காந்திருந்தாங்க. நானும் பட்டு வேட்டியோட தரையில, அத்தான் காலுக்கு முன்னால உக்காந்தேன். இப்போ என் முதுகுதான் அவருக்கு நேரா இருந்துச்சு. போட்டோக்காரர் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினாரு. பின்னால நாற்காலி கிரீச்சுன்னுச்சு. அத்தான் குனியிறாருன்னு தெரிஞ்சுது. அவரு கை என் முதுகுல பட்டுச்சு. எனக்கு உடம்பு தூக்கிப் போட்டுச்சு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்.

மடங்கிக் கெடந்த என் சட்டைக் காலரைச் சரி பண்ணிவிட்டுட்டு அவரு நிமிந்து உக்காந்துக்கிட்டாரு. அந்தப் போட்டோவுல எல்லாரும் சிரிக்காங்க. நான் மட்டும் கண்ணை மூடிக்கிட்டு இருக்கேன்.